தபால்ல சைக்காலஜி சேந்து ஃப்ராய்டுகிட்ட மாட்டுன கதை

தபால்ல எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கவங்க, பி.எட்.ல அந்த ஒரு பேப்பரை நெனச்சாலே வயித்தக் கலக்குதவங்க, டெட் எக்ஸாமுக்கு இட் ஈகோ சூப்பர் ஈகோன்னு ஒப்பிச்சுட்டு மறுநாளே மறந்து போனவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுதேன். நான் படிக்கும்போது ஒரு சந்தேகம்னா கேக்க ஆள் கெடையாது. க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போய் நனவிலி மனம்னா என்னன்னு கேட்டா "ஹால் டிக்கெட் வந்துட்டா?"ன்னு பதில் வரும். காசும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு, நடுவுல தூக்கமும் போச்சு. எது எதுல எப்படி போச்சுன்னு வரிசையாவே சொல்லிருதேன்.

எனக்கு ஊரு கல்லிடைக்குறிச்சி. பாளையங்கோட்டையில ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. காலையில செங்கோட்டையில இருந்து வர்ற பாசஞ்சர்ல ஏறுனா சேரன்மகாதேவி, பேட்டை, டவுன் எல்லாம் தாண்டி ஜங்ஷன்ல எறங்கி அங்கேருந்து டவுன் பஸ். ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போது பிள்ளைய நெனச்சு கண்ணைத் தொடச்சுக்கிட்டே வர்ற அம்மாமாரைப் பாத்துப் பாத்து, நாமளும் கவுன்சலிங் படிச்சா நாலு வார்த்தை உருப்படியா சொல்லலாமேன்னு ஒரு ஆசை வந்துட்டு. ஒரு ஸ்டடி சென்டர்ல போய் விசாரிச்சேன். அங்க இருந்தவரு, "முடிச்சிட்டா நீங்களே கிளினிக் போடலாம் மேடம், உங்க பேர்ல போர்டு வச்சுக்கலாம்"னாரு. முதல் வருஷத்துக்கு 18,000 ரூபாய், புஸ்தகத்துக்குன்னு தனியா 3,000, வார லீவுல வகுப்புன்னு 2,500. பெறவு எக்ஸாமுக்கு முந்தி ஒரே நாள்ல எல்லாம் முடிச்சுத் தர்ற க்ராஷ் கோர்ஸுக்கு 4,000. அன்னைக்கு அந்த சாரு காலையில பத்து மணிக்கு ஃப்ராய்ட்ல ஆரம்பிச்சு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால மாஸ்லோவையும் முடிச்சிட்டாரு, அதுல டீ குடிக்க வேற விட்டாரு. அந்த போர்டு விஷயம் என்னாச்சுங்கதை கடைசியில சொல்லுதேன், ஏன்னா அது படிச்சு முடிக்கப் போற நேரத்துலதான் எனக்கே தெரிய வந்துச்சு.

பெர்சனாலிட்டி பேப்பர்ல முதல் பாடமே சிக்மண்ட் ஃப்ராய்ட், மனசுல நமக்கே தெரியாத ஒரு பங்கு இருக்குன்னு சொன்ன வியன்னா டாக்டரு. அவங்க குடுத்த நோட்ஸ்ல ஒரு பனிப்பாறை படம், தண்ணிக்கு மேல கொஞ்சம், அடியில நெறைய. பக்கத்துல ஒரு கட்டம் போட்டு, இட்னா நனவிலி மனம், ஈகோன்னா நனவு மனம், சூப்பர் ஈகோன்னா நனவடி மனம்னு நேருக்கு நேரா கோடு இழுத்து வச்சிருந்தாங்க. பாக்க எவ்வளவு லேசா இருக்கு, மூணுக்கு மூணு. ட்ரெயின்ல போகும்போதே மனப்பாடம் ஆயிட்டு. எக்ஸாம்ல அதையே படத்தோட அழகா வரைஞ்சு வச்சேன். பாஸ் மார்க் 50, எனக்கு வந்தது 34. வீட்டுல மாமியார் ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு ராத்திரி இவங்ககிட்ட "அந்தப் பிள்ள வேலைக்கும் போயி வீட்டையும் பாத்து, எதுக்குய்யா இந்த பைத்தியக்காரப் படிப்பு"ன்னு சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு. அவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு பரீட்சை எழுதி அதுல போனது எவ்வளவு அவமானமா இருந்துச்சுன்னா, ஆபீஸ்ல யாரும் கேட்டா ரிசல்ட் இன்னும் வரலைன்னே சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லிருதேன். ஃபெயில் ஆனா உடனே மறுபடி ஃபீஸ் கட்டி எழுதாதீங்க, முதல்ல விடைத்தாள் நகலுக்கு அப்ளை பண்ணுங்க. சில நூறு ரூபாதான் ஆகும். திருத்துனவங்க எங்க பேனாவை அழுத்தி இருக்காங்கன்னு பாத்தாலே பாதி பாடம் புரிஞ்சிரும். எனக்கு அந்தக் கட்டத்துக்கு மேலதான் பெருசா ஒரு சிவப்பு வட்டம், பக்கத்துல ஒரு கேள்விக்குறி. அப்பதான் இதுல என்னமோ இருக்குன்னு தோணுச்சு. சனிக்கிழமைகள்ல பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல போய் உக்காந்து, வீட்டுக்கு வந்து போன்ல தேடி (ஃப்ராய்டோட பழைய மொழிபெயர்ப்புங்க இலவசமாவே கெடைக்கு), ஒவ்வொண்ணா நானே தோண்டி எடுத்தேன். நான் கண்டுபிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது இல்லாம மத்தது எதுவும் ஒட்டாது: ஃப்ராய்ட் ஒரு தியரி சொல்லல, ரெண்டு சொன்னாரு. ரெண்டுக்கும் நடுவுல இருபத்திமூணு வருஷம். நோட்ஸ் எழுதுனவங்க ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டு ஒட்டிட்டாங்க. அதனால வருஷ வாரியா படிங்க, அது ஒண்ணுதான் வழி.

1856ல பொறந்தவரு, வியன்னாவுல டாக்டருக்குப் படிச்சு நரம்பு நோய் பாத்துக்கிட்டு இருந்தவரு. 1885ல பாரீஸுக்குப் போயி ஷார்கோங்கிற டாக்டர் ஹிஸ்டீரியா நோயாளிகளை ஹிப்னாடிஸம் பண்றதைப் பாக்காரு. அப்புறம் ப்ராயர்ங்கிற பெரிய டாக்டரோட சேந்து 1895ல ஹிஸ்டீரியா பத்தி ஒரு புஸ்தகம். அதுல வர்ற அன்னா ஓ.ங்கிற பொண்ணு ப்ராயரோட நோயாளி, ஃப்ராய்ட் அவங்களுக்கு வைத்தியம் பாக்கவே இல்ல, நெறைய நோட்ஸ்ல இதையும் தப்பாத்தான் போட்டிருக்கு. பேசப் பேச நோய் கொறையுதுங்கதை முதல்ல சொன்னதும் அந்தப் பொண்ணுதான். ஹிப்னாடிஸத்தை ஃப்ராய்ட் கொஞ்ச வருஷத்துலயே விட்டுட்டாரு, மனசுல வர்றதை எதையும் மறைக்காம அப்படியே சொல்லுங்கன்னு உக்காந்து கேக்க ஆரம்பிச்சாரு, இந்த வைத்தியத்துக்குப் பேருதான் உளப்பகுப்பாய்வு. இன்னைக்கு ஹிப்னாடிஸம், ஆழ்மனப் பயிற்சின்னு ஹோட்டல் ஹால் பிடிச்சு ஆயிரக்கணக்குல வாங்குதவங்க ஃப்ராய்ட் படத்தை பேனர்ல போடுதாங்க, அவரு கை கழுவுன சமாச்சாரத்துக்கு அவரு படமே வெளம்பரம்.

1900ன்னு தேதி போட்டு கனவு பத்துன புஸ்தகம் வருது. முதல் தியரி இதுலதான். நனவு, நனவடி, நனவிலின்னு மனசை மூணா பிரிக்காரு. இப்ப நெனப்புல இருக்கது ஒண்ணு, கேட்டா ஞாபகத்துக்கு வந்துர்றது ஒண்ணு, எவ்வளவு கேட்டாலும் வராம உள்ள அமுக்கி வச்சிருக்கது ஒண்ணு. நடுவுல ஒரு தணிக்கை, அதை ஏமாத்த வேஷம் போட்டுக்கிட்டு வர்றதுதான் கனவுங்காரு. இந்தப் புஸ்தகம் முதல்ல அடிச்சது 600 காப்பி, அது வித்து முடிய எட்டு வருஷம் ஆச்சாம். 34 மார்க் வாங்கி மொகத்தைத் தூக்கி வச்சிருந்த நேரத்துல இதைப் படிச்சேன், சத்தியமா சொல்லுதேன், சாப்பாடு எறங்குச்சு.

அப்புறம் ஏன் 1923ல இன்னொரு தியரி? இந்த ஏன்தான் எந்த நோட்ஸ்லயும் இல்ல. வைத்தியத்துல நோயாளி பேசிக்கிட்டே வந்து ஒரு எடம் வரும்போது நிறுத்திருவாங்க, பேச்சை மாத்துவாங்க, ஒண்ணும் ஞாபகம் வரலைம்பாங்க. தடுக்கது யாரு? அவங்க ஈகோதான், அதாவது 'நான்'னு நிக்குற பங்கு. ஆனா தான் தடுக்கோம்ங்கதே அவங்களுக்குத் தெரியாது. அப்ப ஈகோவுலயே ஒரு பங்கு நனவிலியா இருக்குன்னுதான அர்த்தம்? அதே மாதிரி சில பேரு என்னன்னே தெரியாத ஒரு குத்த உணர்ச்சியில தன்னைத்தானே கெடுத்துக்கிட்டே இருப்பாங்க, அதுவும் நனவிலிதான். ஆக அமுக்கப்பட்டது எல்லாம் கீழ, அமுக்குதவன் மேலங்கிற கணக்கு ஒத்து வரல. அதனாலதான் எது தெரியும் எது தெரியாதுங்கதை விட்டுட்டு, எது என்ன வேலை பாக்குங்கதை வச்சு மறுபடி மூணா பிரிச்சாரு: ஆசைப்படுறது இட், நடைமுறையைப் பாக்குறது ஈகோ, கண்டிக்கது சூப்பர் ஈகோ. நம்ம பக்கத்து ஆளுக்கு சொல்லணும்னா, நெலத்தை நஞ்சை புஞ்சைன்னும் பிரிக்கலாம், தாலுகா வாரியாவும் பிரிக்கலாம், அம்பாசமுத்திரம் தாலுகான்னா முழுக்க நஞ்சைன்னு யாராவது சொல்லுவாங்களா? இட் முழுக்க நனவிலி, அது சரி. ஆனா ஈகோ, சூப்பர் ஈகோ ரெண்டுமே கொஞ்சம் நனவுல, கொஞ்சம் நனவடியில, கொஞ்சம் நனவிலியில படர்ந்து கெடக்கு. 1923லயும் 1933லயும் ஃப்ராய்டே கையால வரைஞ்ச படம் இருக்கு, முட்டை மாதிரி ஒண்ணு, அதுல இது தெளிவா தெரியும். எக்ஸாம்ல பனிப்பாறைக்குப் பதிலா 1933 படத்தை வரைங்க.

சரி, அந்த மூணும் என்ன பண்ணுது? ரெண்டாவது தடவை நான் எழுதுன உதாரணத்தையே சொல்லுதேன். மாசக் கடைசி, ஆபீஸ் டிராயர்ல பிள்ளைங்க கட்டுன ஃபீஸ் பணம் நாப்பதாயிரம். நகைக்கடன் வட்டி கட்ட நாளைக்குக் கெடு. இட்டுக்கு நாளைங்கதே கெடையாது, வேணும்னா இப்பவே வேணும், நல்லது கெட்டது பாக்காது, ஒண்ணுக்கொண்ணு முரணா ரெண்டு ஆசை பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. இன்பத்தை மட்டும் தேடுற விதின்னு இதைச் சொல்லுவாங்க. ஈகோ நடைமுறையைப் பாக்கும், நாளைக்கு ஆடிட்டர் வாராரு, கூட்டுறவு சொசைட்டியில முன்பணம் கேட்டுப் பாக்கலாம், ஒரு வாரம் தள்ளிக் கட்டுனா எவ்வளவு கூடும்னு கணக்குப் போடும். இது ஆசைக்கு எதிரி இல்ல, ஆசையை அடி வாங்காம நெறவேத்தப் பாக்குற ஆளு. பலபேரு ஈகோன்னா திமிருன்னு எழுதிட்டு வந்துருதாங்க, "அவனுக்கு ஈகோ ஜாஸ்தி"ன்னு நாம பேசுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சூப்பர் ஈகோ, அடுத்தவன் காசைத் தொடுதியான்னு கேக்கும். இங்கதான் ஒரு நுணுக்கம், நீங்க எடுக்கலைன்னாலும் அது விடாது, எடுக்கலாமான்னு நெனச்சதுக்கே தண்டனை குடுக்கும். செஞ்சதுக்கும் நெனச்சதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. ரொம்ப ஒழுங்கா இருக்கவங்கதான் ரொம்ப குத்த உணர்ச்சியில வாடுவாங்கன்னு ஃப்ராய்ட் சொல்லுததுக்குக் காரணம் இதுதான். அது மட்டும் இல்ல, இப்படி இருக்கணும்னு மனசுல வச்சிருக்கோம்லா ஒரு உருவம், அந்த லட்சியமும் சூப்பர் ஈகோவுலதான் சேத்தி.

இன்னொண்ணு. பிள்ளையோட சூப்பர் ஈகோ அப்பா அம்மாவைப் பாத்து வர்றது இல்லையாம், அப்பா அம்மாவோட சூப்பர் ஈகோவைப் பாத்துத்தான் வருதாம், 1933ல சொல்லுதாரு. அதனாலதான் வழக்கம் தலைமுறை தலைமுறையா நகருது. இதை ட்ரெயின்ல படிச்சப்ப எனக்கு எங்க ஆச்சிதான் ஞாபகம் வந்தா. அவ போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னைக்கும் வெளக்கு வச்ச பெறவு பக்கத்து வீட்டுக்கு உப்பு குடுக்க எனக்குக் கை வராது. ஆச்சிக்கும் அவ ஆச்சிதான சொல்லியிருப்பா.

இட், சூப்பர் ஈகோ, வெளி உலகம், இந்த மூணு எசமான்மாருக்கும் ஒரே நேரத்துல ஊழியம் பாக்குற வேலைக்காரன்னு ஈகோவை ஃப்ராய்ட் சொல்லுவாரு. (ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாக்கவங்களுக்கு இதை வெளக்கவே வேண்டாம்.) மூணு பக்கத்துல இருந்து வர்ற நெருக்கடிக்கு மூணு விதமான பதட்டம்: நெசமான ஆபத்துனால வர்றது, உள்ள இருக்க ஆசை மீறிருமோன்னு வர்றது, மனசாட்சி உறுத்துறதுனால வர்றது. இதைத் தாங்க முடியாம ஈகோ போடுற உத்திங்கதான் தற்காப்பு உத்திகள். இதுலயும் ஒரு கொழப்பம் இருக்கு. அமுக்குறது, மாத்தி வைக்கதுன்னு ஃப்ராய்ட் அங்கங்க சொல்லியிருந்தாலும், இதையெல்லாம் ஒரு எடத்துல வச்சு ஒழுங்கா எழுதுனது அவரு மக அன்னா ஃப்ராய்ட், 1936ல. பேரை மாத்தி எழுதாதீங்க. உதாரணத்துக்கு எங்கயும் போகாண்டாம், உங்க வீட்டுலயே இருக்கும். பாபநாசம் அணையில தண்ணி தெறக்கலைன்னு எங்க மாமா பி.டபிள்யூ.டி. மேல உள்ள கோவத்தை ரசத்துல உப்பு இல்லைன்னு என்கிட்ட காட்டுவாக, டிஸ்ப்ளேஸ்மென்ட். எல்லாருக்கும் என்மேல பொறாமைன்னு சொல்லிக்கிட்டே அடுத்தவங்க சேலையை எட்டி எட்டிப் பாக்குற ஒரு டீச்சர் உண்டு, ப்ரொஜெக்‌ஷன். பிடிக்காத நாத்தனா வந்தா "வாங்க மைனி, உக்காருங்க மைனி, இன்னொரு இட்லி வைக்கட்டா"ன்னு ஒண்ணுக்கு ரெண்டா உபசரிக்கது இருக்கே, அது ரியாக்‌ஷன் ஃபார்மேஷன். உங்க ஊரு உதாரணத்தை நீங்களே யோசிச்சு எழுதுனா எக்ஸாம் ஹால்ல மறக்கவே மறக்காது.

ஆனா இதை வீட்டுல வாய் விட்டு சொல்லாதீங்க. படிக்க ஆரம்பிச்சா ஒரு கட்டத்துல எல்லாரையும் இதுக்குள்ள போட்டுப் பாக்கத் தோணும். இவங்க ஒருநாள் சாவியை மறந்துட்டு வந்தாங்க, நான் "மறதிங்கதே கெடையாது, உங்களுக்கு வீட்டுக்கு வரப் பிடிக்கல"ன்னு ஃப்ராய்ட் மறதி, வாய் தவறுறது பத்தி எழுதுன 1901 புஸ்தகத்தை வச்சு ஆரம்பிச்சேன், ரெண்டு நாளு பேச்சு இல்ல. ஃப்ராய்டே, தன்னோட நோயாளிகிட்ட நேரம் காலம் பாக்காம வெளக்கத்தைத் தூக்கிப் போடுறது கெடுதல்னு எழுதியிருக்காரு, அதை நான் அப்புறம்தான் படிச்சேன்.

குழந்தைப் பருவ பாலுணர்வு, 1905 புஸ்தகம், இதைப் படிக்கத்தான் ரொம்ப சங்கடம். வாய், ஆசனவாய், குறி, மறைநிலை, இனப்பெருக்கம்னு அஞ்சு கட்டம், ட்ரெயின்ல பக்கத்துல ஆள் உக்காந்தா புஸ்தகத்தை மூடிருவேன். ஈடிபஸ் சிக்கல், அதாவது பையனுக்கு அம்மா மேல ஆசை, அப்பா மேல பகைங்கது, அது வந்ததும் ச்சீன்னு இருந்துச்சு, எட்டு வயசுப் பையன் மடியில படுத்திருக்கான், நான் இதைப் படிச்சிக்கிட்டு இருக்கேன். அருவருப்பு வரும், வரட்டும், ஒத்துக்கணும்னு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல. அவரு என்ன சொன்னாரு, எதை வச்சு சொன்னாரு, யாரு மறுத்தாங்கன்னு எழுதுனா போதும். பொம்பளப் பிள்ளைக்கு இதே மாதிரி சொல்லுத எலக்ட்ரா சிக்கல்ங்கற பேரு, ஃப்ராய்டோட சேந்து இருந்து பெறவு பிரிஞ்சு போன யூங் வச்சது, ஃப்ராய்ட் அதை ஏத்துக்கவே இல்ல, அவரு பேர்ல அதை எழுதாதீங்க. எனக்கு ரொம்ப உதவுன மறுப்பு மலினோவ்ஸ்கிங்கிற மானிடவியல் ஆய்வாளரோடது. பசிபிக் பக்கம் ட்ரோப்ரியான்ட் தீவுல தாய் வழிக் குடும்பம், அங்க பையனைக் கண்டிக்க அதிகாரம் அப்பாவுக்கு இல்ல, தாய்மாமனுக்குத்தான். அதனால அங்க பையனுக்கு உள்ளுக்குள்ள கோவம் மாமன் மேலதான், அப்பா கூட்டாளி மாதிரின்னு 1920கள்ல எழுதுனாரு. தாய்மாமன் சீர் இல்லாம காது குத்தாத ஊர்ல இருந்துக்கிட்டு இதைப் படிக்கும்போது, வியன்னா வீட்டை வச்சு உலகத்துக்கே அளவு எடுத்துட்டாரோன்னு எனக்குத் தோணுச்சு. கார்ல் பாப்பர்ங்கிற தத்துவ அறிஞர் சொன்னது இன்னும் கடுமை: என்ன நடந்தாலும் இந்தத் தியரி வெளக்கம் சொல்லிரும், பொய்ன்னு நிரூபிக்க வழியே வைக்காத ஒண்ணை அறிவியல்னு எப்படி சொல்றதுன்னு கேட்டாரு. மறுப்பு எழுதச் சொன்னா இந்த ரெண்டையும் விடாதீங்க. நம்ம நாட்டு ஆள் யாருன்னு கேட்டா கிரீந்திரசேகர் போஸ், 1922ல கல்கத்தாவுல இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பிச்சவரு, ஃப்ராய்டுக்கு நேராவே கடிதம் எழுதி வாதாடுனவரு. ஃப்ராய்டோட 75வது பொறந்தநாளுக்கு அவங்க அனுப்புன தந்த விஷ்ணு சிலை இன்னமும் லண்டன்ல இருக்க ஃப்ராய்ட் மியூசியத்துல இருக்கு.

இப்ப தூக்கம் போன கதை. அப்பா தவறுனப்ப நான் அழவே இல்ல. அமுக்குனது வேற வழியில வெளிய வரும்னு படிக்கப் படிக்க, ராத்திரி முழுக்க அதையே தோண்ட ஆரம்பிச்சிட்டேன். நான் அப்பாவை வெறுத்தேனோ, அதான் அழலையோன்னு. மூணு மணிக்கு முழிப்பு, நெஞ்சு படபடப்பு, எடை கொறைஞ்சு ரவிக்கை எல்லாம் லூஸ் ஆயிட்டு. வெளிய சொல்லவும் கூச்சம், சைக்காலஜி படிக்கவளுக்கே இப்படியான்னு சிரிப்பாங்கல்லா. கடைசியில ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல ஓ.பி. சீட்டு போட்டேன், காசு கெடையாது. அந்த டாக்டரம்மா கேட்டுட்டு, "புஸ்தகம் படிச்சு தன்னைத் தானே அறுத்துப் பாக்காதீங்க, எதிர்ல ஒரு ஆள் இருந்து கேக்கணும், அதுக்குத்தான் இந்த வைத்தியமே"ன்னாங்க. கொஞ்ச நாளைக்கு மாத்திரை, கொஞ்சம் பேச்சு, தூக்கம் வந்துட்டு. நேர்ல போக கூச்சமா இருந்தா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல.

ரெண்டாவது தடவை எழுதி 63 வாங்குனேன், படிப்பும் முடிஞ்சு போச்சு. அந்த போர்டு விஷயத்துக்கு வாரேன். எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் முடிச்சா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட முடியாது. அதுக்கு ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அங்கீகரிச்ச படிப்பை நேர்ல போய், நோயாளிங்களைப் பாத்து, மேல ஒருத்தர் கண்காணிப்புல பயிற்சி எடுத்துப் படிச்சு, அவங்ககிட்ட பதிவு எண் வாங்கணும். 1992 சட்டம். இன்னொண்ணு, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜியைத் தபால்லயும் ஆன்லைன்லயும் நடத்தவே கூடாதுன்னு யூ.ஜி.சி. சொல்லிட்டு, அதனால இப்ப யாராவது சீட் இருக்குன்னு கூப்பிட்டா யூ.ஜி.சி. வெப்சைட்டைப் பாக்காம காசு கட்டாதீங்க. டாக்டர் இல்லாதவங்க உளப்பகுப்பாய்வு பண்ணலாமாங்கற சண்டை ஃப்ராய்ட் காலத்துலயே வந்துச்சு. தியோடர் ரைக்னு அவரு சிஷ்யர் மேல டாக்டர் இல்லாம வைத்தியம் பாக்கான்னு வியன்னாவுல வழக்கு வந்தப்ப, 1926ல ஃப்ராய்ட் ஒரு சின்னப் புஸ்தகமே எழுதி, டாக்டரா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா முறையான பயிற்சி வேணும், தானும் இன்னொருத்தர்கிட்ட உக்காந்து பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்கணும்னாரு. ஒண்ணும் தெரியாத ஒருத்தர் கேள்வி கேக்க இவரு பதில் சொல்ற மாதிரி போகும், புதுசா ஃப்ராய்டைத் தொடுதவங்க அதுல ஆரம்பிங்க, க்ராஷ் கோர்ஸ் காசு மிச்சம்.

போன மாசம் அதே ஸ்டடி சென்டர்ல இருந்து போன். "மேடம், கவுன்சலிங்ல டிப்ளமா வந்திருக்கு, இந்த வாரம் கட்டுனா அஞ்சாயிரம் தள்ளுபடி, முடிச்சிட்டா போர்டு வச்சுக்கலாம்." ஆர்.சி.ஐ. அங்கீகார நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி, எழுதிக்கிடுதேன்னேன். லைன் சரியில்ல, பெறவு கூப்பிடுதேன்னாரு. இன்னும் கூப்பிடல.